கல்கத்தா ஆசி

ஜனவரி 5, ஞாயிறு. கோவில்பட்டி

ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வடிவு தன் பையை எனக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறாள். கையில் பிடிக்கிற பை இல்லை, முதுகில் மாட்டுவது. ஊதா நிறம். மலையேறப் போகிறவர்களுடையது மாதிரி நெஞ்சிலும் இடுப்பிலும் கொக்கி. ஐம்பத்தெட்டு வயதில், சேலைக்கு மேல் இதை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். பொதி சுமக்கிற கழுதைக்குக்கூட ஒரு லட்சணம் உண்டு.

"இப்ப எல்லாரும் இப்படித்தாம்மா போறாங்க. ரெண்டு கையும் சும்மா இருக்கும்" என்கிறாள் மகள். இரண்டு கையும் சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை.

எக்ஸ்சேஞ்சில் டியூட்டி முடிந்ததும் நடந்ததை எழுதிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். டெலிபோன் வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. எனவே இருக்கிற நிலவரத்தை எழுதிவிட்டே கிளம்புகிறேன்.

இவர் ஆனியில் விழுந்தார். வலது பக்கம் போனது, பேச்சும் போனது. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னால் புரிகிறது. கால் பாதி திரும்பிவிட்டது, கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். பேச்சில் மட்டும் ஒரே ஒரு சொல்தான் மிச்சம். ஆசி. வாய் சற்றுக் கோணியிருப்பதால் அது 'ஆஷி' என்று குழறிக்கொண்டு வரும். வாசல் வரை நடந்து வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொல்வார். அப்படியே நிற்பார். படி தாண்ட மாட்டார். பிறகு முகம் வாடி உள்ளே போய்விடுவார்.

பக்கத்து வீட்டு மாரீஸ்வரிதான் ஆரம்பித்து வைத்தாள். அவள் பையன் இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போது இவர் வாசலில் நின்று ஆசி என்றாராம். பையன் ஓடிவந்து காலில் விழுந்தான். வேலையும் கிடைத்தது. அதோடு தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை பால்வண்ணம் என்ற ஆள் போய், 'ஆசி அண்ணாச்சி' வந்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை, புது வண்டிச் சாவி, பரீட்சை ஹால்டிக்கெட் எல்லாம் எங்கள் வாசலுக்கு வருகின்றன.

"எல்லாப் பேச்சையும் எடுத்துக்கிட்டு இந்த ஒரு வார்த்தைய மட்டும் சாமி விட்டுவச்சிருக்குன்னா சும்மாவா மதினி?" என்றாள்.

"உங்க சாமி எனக்கு ரெண்டு வார்த்தை விட்டுவச்சிருக்கலாம். காப்பி வேணுமா வேண்டாமான்னாவது தெரியும்" என்றேன்.

பிசியோதெரபி பார்க்கிற ஜெரால்டு தம்பி கறாராகச் சொல்லிவிட்டார். "வீட்டுக்குள்ளயே நடந்தா பத்தாதும்மா. தெருவுல இறங்கி மேடுபள்ளத்துல நடக்கணும். பங்குனிக்குள்ள இறங்கலேன்னா கால் கட்டிலுக்குப் பழகிரும்." ஒரு நாள் நானும் அந்தத் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இறக்கப் பார்த்தோம். நிலையை விடாமல் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அதற்கப்புறம் நான் யாரையும் அவரை இழுக்க விடவில்லை.

பழைய இடங்களைக் காட்டினால் மூளைக்குள் ஏதாவது அசையும் என்று டாக்டர் சொன்னார். இவருக்குப் பழைய இடம் என்றால் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் குமாஸ்தாவாக இருந்த கல்கத்தா. நான் போய்ப் படம் எடுத்து வர வேண்டுமாம். வடிவு லீவு போட்டு வந்துவிட்டாள்.

"யம்மா, ஒரு வாரம் இங்கேருந்து நகரு. உன் முகத்தைப் பாரு."

என் முகத்துக்கு என்ன?

(பின்னர், ரயிலில்.) கிளம்பும்போது நான் தெருவில், அவர் நிலையில். "போயிட்டு வாரேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. அவர் சொல்ல வேண்டியதை நான் பிடுங்கிச் சொல்லிவிட்ட மாதிரி. "ஆஷி" என்றார். "சரி சரி, உங்க ஆசி போதும்" என்று ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய். ரயில்

ஆந்திரா முடிய மாட்டேன் என்கிறது. எதிர் சீட்டுக்காரர் என் பையைப் பார்த்து ட்ரெக்கிங்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சும்மா உட்கார்ந்திருந்தால் பழசெல்லாம் வருகிறது. இவரை நான் பார்த்துக் கட்டியவள் இல்லை, கேட்டுக் கட்டியவள். எண்பத்தேழில் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டியபடி, "கோவில்பட்டி, கல்கத்தா ஆன் லைன்" என்பேன். இவர் அம்மாவுக்கு வரும் ட்ரங்க் கால். ரைஸ்மில்லில்தான் போன். அந்த அம்மா ஓடி வந்து, கிடைத்த மூன்று நிமிஷமும் அழுதே தீர்த்துவிடும். கடைசியில் இவர் என்னிடம், "தேங்க்ஸ் மேடம்" என்பார். ஆபரேட்டருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. இவர் சொல்வார். ஒரு தடவை நடுவில் லைன் அறுந்துபோய், மறுபடியும் புக் பண்ணிச் சண்டைக்கு வந்தார். "உங்க குரல் நல்லாருக்கு மேடம். லைன்தான் சரியில்ல" என்றார். லீவில் வந்தபோது எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் வந்து நின்று "மேடம்" என்றார். தலை நிமிராமலே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

கல்யாணமான பிறகு காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பினால் இவரோடு பெரிய ரோதனை. டிபன்பாக்ஸ் கையில், செருப்பு காலில், வாசலில் நின்றபடி இருப்பார். "ஏன் நிக்கீக, பஸ் போயிரும், போயிட்டு வாங்க" என்று நான் அடுப்படியிலிருந்து கத்திய பிறகுதான் படி இறங்குவார். கத்து வாங்காமல் நகராத ஆள்.

"மேடம்" என்ற அந்தக் குரலைக் கேட்டு ஏழு மாசம் ஆகிவிட்டது.

ஜனவரி 8, புதன். கல்கத்தா

ஏமாற்று வேலை.

"ஹவுராவுல இறங்கினதும் பாலம் தெரியும். பார்த்தாலே உடம்பு சிலிர்க்கும்" என்பார். முப்பத்து நான்கு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். இறங்கினால் மூடுபனியும் புகையும். பாலத்தில் பாதிதான் தெரிகிறது. தெரிந்த பாதி பழைய இரும்புக்கடை மாதிரி இருக்கிறது. அதன் காலெல்லாம் பான் எச்சில். கங்கை என்கிறார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம். நம் ஊர் மார்கழிக் குளிர்தான் அடிக்கிறது, அதற்கே ஊர் முழுக்கக் குரங்குக் குல்லா. மஞ்சள் டாக்சி வரிசை கட்டி நிற்கும் என்பாரே, எனக்கு வந்தது வெள்ளைக் கார். டிரைவர் ஏசி போடவில்லை என்றாலும் பரவாயில்லை, பாட்டைக் குறைக்கவும் மாட்டேன் என்றான்.

இதற்காகவா என் ரசத்தையும் எங்கள் ஊர் மழையையும் எங்கள் ஊர் மீனையும் முப்பத்து நான்கு வருஷம் மட்டம் தட்டினார்? "கல்கத்தாவுல" என்று அவர் ஆரம்பித்தாலே நான் ரேடியோவைக் கூட்டிவிடுவேன். இந்த ஊர் என் சக்களத்தி. இன்று நேரில் பார்த்தாகிவிட்டது. இவ்வளவுதானா இவள் என்று இருக்கிறது. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. அவர் சொன்ன ஊரை நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன் போலிருக்கிறது.

தங்கியிருப்பது பவானிபூரில் ஒரு பழைய வீடு. இவர் அந்தக் காலத்தில் இருந்த பேட்டைதான், வடிவு தேடிப் போட்டிருக்கிறாள். கீழே வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள். ஷிப்ரா என்ற அம்மா, என் வயதுக்குக் கொஞ்சம் கீழே. அவள் கணவர் தபன், ஏதோ இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மாடியில் எங்களைப் போல் பை தூக்கிகளுக்குக் கட்டில்மேல் கட்டில் போட்ட அறை. ஆறு பேர். ஒரு மணிப்பூர்ப் பெண் தன் கீழ்க்கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொண்டாள்.

எனக்கு எக்ஸ்சேஞ்ச் இங்கிலீஷ், ஷிப்ராவுக்கு டிவி இந்தி. இரண்டையும் கலந்து பேசிக்கொள்கிறோம். கடலைமிட்டாய் கொடுத்தேன். ஒன்று தின்றுவிட்டுப் பொட்டலத்தையே வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 9, வியாழன்

நன்றாகத் தூங்கினேன். கண் விழித்தபோது வெயில் ஜன்னலில் இருந்தது. இதை எழுதியிருக்கக் கூடாது, எழுதிவிட்டேன்.

காலையில் வெளியே கிளம்பினால் ஷிப்ரா கையைக் குவித்து நெற்றியில் தொட்டு, "துக்கா துக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நல்ல நாளும் அதுவுமாக ஒருத்தி வெளியே போகும்போது துக்கம் துக்கம் என்றா சொல்வார்கள்? அவள் கணவர் புறப்பட்டபோதும் அதையே சொன்னாள். என்ன ஜனங்களோ.

டிராமுக்கு நின்றேன். நின்றேன், நின்றேன். தண்டவாளத்தின் மேல் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டதற்கு, இந்தத் தடத்தில் டிராம் ஓடி வெகுகாலம் ஆகிறது என்றார். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பிறகு இவருடைய வீட்டைத் தேடினேன். மாஷிமா வீடு. மாஷிமா என்றால் சித்தி முறை. வீட்டுக்காரம்மாளை அப்படித்தான் கூப்பிடுவாராம். "மாஷிமா சோறு போடாம வெளிய விடமாட்டா" என்ற கதையை வடிவே ஒப்பிப்பாள். சந்து இருக்கிறது. வீடு இல்லை. அந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம், கீழே ஒரு ஏடிஎம். எதிரே இஸ்திரி போடுகிறவரிடம் விசாரித்தேன். பழைய வீடு இடிந்துபோனதா இடித்தார்களா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அந்த ஏடிஎம்மைப் படம் எடுத்தேன். பிறகு அழித்துவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

வடிவு போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் வைத்தாள்.

"பாலம் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரிதான், உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. டாக்சி அத்தனையும் மஞ்சள். மாஷிமா வீடு அப்படியே இருக்கு. பச்சை ஜன்னல். யாரோ நல்ல ஆளுக குடியிருக்காக" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவர் இங்கிருந்து பேசுவார், அங்கே ஆட்கள் அழுவார்கள். இன்று அடித்த லைனில் நான் கல்கத்தா, அவர் கோவில்பட்டி.

"அப்பா சிரிக்காகம்மா" என்றாள் வடிவு. பிறகு, "இன்னைக்கும் வாசல் வரைக்கும் வந்தாக. ஆசி சொன்னாக. நான் கீழ இறங்கி நின்னு வாங்கப்பா வாங்கப்பான்னு கூப்பிட்டேன். திரும்பிப் போயிட்டாக" என்றாள்.

மண்பானைத் தயிர் வாங்கித் தின்றேன். தயிரில் சர்க்கரையைக் கொட்டினால் அதற்குப் பெயர் தயிரா? ஈச்சமர வெல்லத்தில் ஒரு இனிப்பு கொடுத்தார்கள். அதை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. நம் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கிறது.

ஒரு நாள் முன்னதாகக் கிளம்ப முடியுமா என்று பார்க்கச் சொன்னேன். டிக்கெட் இல்லை என்றாள் வடிவு. இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வாள்.

ஜனவரி 11, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

காலையில் கீழே சாப்பாட்டு மேஜையில் லுச்சி தின்றுகொண்டிருந்தேன். லுச்சி என்பது மைதாப் பூரி. வீட்டில் சண்டை நடந்திருக்கிறது. தபன் தன் அக்கா குடும்பத்தைச் சங்கராந்திக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாராம், இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். ஷிப்ரா அடுப்படியில் பாத்திரங்களைப் பேச விட்டுக்கொண்டிருந்தாள். எந்த ஊரானாலும் இந்தச் சத்தத்துக்கு அர்த்தம் ஒன்றுதான்.

தபன் ஷூ மாட்டி, பையைத் தோளில் போட்டு, வாசல் இரும்புக் கதவுக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பிப் பார்த்தார்.

"ஆஷி" என்றார்.

என் கை லுச்சியோடு நின்றுவிட்டது.

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது, பதில் வரவில்லை. தெருமுனையில் பஸ் கண்டக்டர் கூவுகிற சத்தம் கேட்டது. மனுஷன் நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பியை விடாமல், மறுபடியும், "ஆஷி" என்றார். கண்டக்டர் இரண்டு தட்டுத் தட்டினார், பஸ் போயே போய்விட்டது. அப்போதும் நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். ஏழு மாசமாகத் தினமும் பார்க்கிற நிற்பு.

கடைசியில் ஷிப்ரா கரண்டியோடு வெளியே வந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "எஷோ" என்றாள். கோபம் ஆறாமலே, "துக்கா துக்கா" என்றும் சேர்த்துக்கொண்டாள். அவர் உடனே இறங்கிப் போனார்.

"உங்கள் வீட்டுக்காரர் உங்களை ஆசீர்வாதம் பண்ணினாரா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். ஆஷி என்றால் வருகிறேன் என்று அர்த்தமாம். வெளியே கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லக் கூடாதாம், அபசகுனமாம். வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டுமாம். அதற்கு வீட்டில் இருப்பவர் எஷோ, அதாவது வா என்று பதில் சொல்ல வேண்டுமாம். அதைக் காதில் வாங்காமல் எப்படிப் படியிறங்குவது? துக்கா என்றது துர்க்கையைத்தானாம். பாதையில் அவள் துணையிருக்கட்டும் என்று.

"சண்டை வேறு, இது வேறு. பதில் சொல்லாமல் விட்டால் அவர் சாயங்காலம் வரை அங்கேயே நிற்பார். இருபத்தாறு வருஷமாக நின்றிருக்கிறார்" என்றாள்.

"எங்கள் ஊரிலும் போறேன்னு சொல்ல மாட்டோம்" என்றேன். மிச்ச லுச்சியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அவர் யாரையும் ஆசீர்வதிக்கவில்லை. ஒரு ஹால்டிக்கெட்டையும் இல்லை, ஒரு வண்டிச் சாவியையும் இல்லை. வெளியே போகக் கிளம்பிய மனுஷன், வாரேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பதிலுக்கு நின்றிருக்கிறார். நாங்கள் கையைக் கட்டி நின்றோம். ஊர் காலில் விழுந்தது. போங்க என்று இழுத்தோம், வாங்க என்று தெருவிலிருந்து கூப்பிட்டோம். உள்ளே நின்று போயிட்டு வாங்க என்று சொல்ல மட்டும் ஒரு நாதி இல்லை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. மாரீஸ்வரி பையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்ததை நினைத்துச் சிரித்தேன். பிறகு மாடிக்குப் போய், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆறு பேர் தங்குகிற அறையில் அழுவதற்கு வேறு இடம் ஏது.

ஜனவரி 12, ஞாயிறு

வடிவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை பேசினாள், இரண்டு தடவையும் வெல்லத்தைப் பற்றிப் பேசினேன். சொன்னால் இன்றைக்கே அவள் சொல்லிவிடுவாள். அவரும் இறங்கிவிடலாம். நல்லதுதானே. ஆனாலும் நான் சொல்லவில்லை.

ஒன்று யோசித்தேன். பதில் சொல்கிறவர் உள்ளே இருந்தாக வேண்டும். சொன்ன பிறகு அவர் போவார். அந்தக் காலோடு, தனியாக. போன ஆனியில் பால் வாங்கிவருகிறேன் என்று போனவரைத்தான் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இதை இதற்கு மேல் எழுத வேண்டாம்.

மத்தியானம் டிராம் கிடைத்தது. வேறு தடம். ஆமை மாதிரி நகர்கிறது. பக்கத்தில் சைக்கிள் முந்திப் போகிறது. மணி மட்டும் ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி அடிக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு போனேன். இருபத்துநாலு வயதுப் பால்வண்ணம் இதில் ஆபீசுக்குப் போயிருப்பார். குச்சிக் கையும் எண்ணெய் வழித்து வாரின தலையுமாக. காலையில் மாஷிமாவிடம் சொல்லிக்கொண்டு, அவள் பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு. வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்த பையனுக்குப் போயிட்டு வா என்று சொல்ல இந்த ஊரில் ஒருத்தி இருந்திருக்கிறாள். ஏடிஎம் இருக்கிற இடத்தில்தான். நேற்று வரை அதை நினைத்தால் எரிச்சலாக வந்தது. இன்று அந்த அம்மாள் காலில் விழலாம் என்று இருக்கிறது.

சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போனேன். பனி விலகியிருந்தது. பாலம் முழுசாகத் தெரிந்தது. உடம்பு சிலிர்த்தது. நான் அவரிடம் சொன்ன பொய்களில் ஒன்றாவது மெய்யானதில் எனக்குத் திருப்தி.

கிளம்பும்போது ஊதாப் பையை மாட்டிக்கொண்டு, இரும்புக் கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தேன்.

"ஆஷி" என்றேன்.

"எஷோ தீதி. துக்கா துக்கா" என்றாள் ஷிப்ரா. தீதி என்றால் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டே, அடுத்த தடவை அந்த மிட்டாயை நிறையக் கொண்டு வரச் சொன்னாள்.

ஜனவரி 14, செவ்வாய். ரயில்

பொங்கல். மதுரை தாண்டியாகிவிட்டது. எஷோ, எஷோ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறேன். எதிரே இருக்கிற குழந்தை என்னையே பார்க்கிறது.

ஜனவரி 15, புதன். கோவில்பட்டி

நேற்று ராத்திரி வந்தபோது தூங்கிவிட்டிருந்தார். காலையில் என்னைப் பார்த்ததும் இடது கையால் என் கன்னத்தைத் தொட்டார். பையையும் தொட்டுப் பார்த்தார். படங்களைக் காட்டினேன். பாலத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மற்ற படங்களையும் தள்ளித் தள்ளி மாஷிமா வீட்டைத் தேடினார். "அது மட்டும் போன்ல ஏறல" என்றேன். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். என் பொய் அவரிடம் என்றைக்கும் செல்லுபடியானதில்லை.

டிபன் முடிந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கம்புச் சத்தம் வாசலுக்குப் போனது. எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்றேன். வடிவு கூடத்தில் இருந்தாள்.

நிலையைப் பிடித்துத் திரும்பினார். "ஆஷி."

"எஷோ" என்றேன்.

அவர் கண் பெரிதானது. என்னையே பார்த்தார். கோணின வாய் இன்னும் கோணி, ஒரு சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீரும் வழிந்தது. என் வங்காளம் அந்த லட்சணத்தில் இருந்திருக்கும். ஆனால் கால் நகரவில்லை. கேட்க வேண்டியதில் பாதியைத்தான் கேட்ட மாதிரி நின்றார்.

ரயிலில் இரண்டு நாள் பழகிய சொல் அது ஒன்றுதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஈரக் கையோடு, அந்தக் காலத்து மாதிரியே கத்திவிட்டேன்.

"ஏன் நிக்கீக? பஸ் போயிரும். போயிட்டு வாங்க."

இடது காலை முதலில் வைத்தார். பிறகு கம்பு. பிறகு வலது காலைத் தரையில் தேய்த்து இழுத்துப் படிக்குக் கீழே இறக்கினார். வடிவு பாய்ந்து போகப் பார்த்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடும்மா, விழுந்துருவாக."

"வாரேன்னு சொல்லியிருக்காக" என்றேன்.

லைட் கம்பம் வரை போனார். அங்கே நின்று மூச்சு வாங்கினார். மாரீஸ்வரி வீட்டைத் தாண்டினார். டீக்கடை வரை போய், அங்கே பெஞ்சில் உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் ஓடிவந்து காலைத் தொட்டது இங்கிருந்தே தெரிந்தது. நான் வாசலை விட்டு இறங்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் பிடித்துப் பிடித்து அந்த இடத்தில் பெயின்ட் வழவழப்பாகிப் போயிருக்கிறது.

திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். என்னைப் போலவே அழுகையில் முடித்தாள்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குகிற நாள். விடிந்ததிலிருந்து கூட்டம். மாரீஸ்வரி புதுச் சேலையில், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு, மகன் மருமகள் பேரப்பிள்ளை எல்லாரையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பம். அவர் கிளம்பி, சொல்லிக்கொண்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வடிவு பத்தடி தள்ளி, சம்பந்தமில்லாதவள் மாதிரி பின்னால் போயிருக்கிறாள்.

மாரீஸ்வரி என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மதினி, அண்ணாச்சிய எங்க?"

"அவுக வெளிய போயிருக்காக" என்றேன். "உக்காருங்க. வந்துருவாக."